மூச்சு வாங்குதா என்று மட்டும் கேட்காதீர்கள்

தசைச்சிதைவு நோய் இருக்கும் வீட்டில் எல்லார் கண்ணும் பிள்ளையின் காலில்தான் இருக்கும். இன்றைக்கு எத்தனை படி ஏறினான், எங்கே விழுந்தான், தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் கை ஊன்றினானா, குதிகால் தரையில் படுகிறதா என்று நாள் முழுக்கக் கணக்கு ஓடும். நடை நின்று வீல்சேர் வந்த அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த வருத்தம் எனக்கும் தெரியும். என் அக்கா மகனுக்கு டூஷேன் வகைத் தசைச்சிதைவு. இப்போது பதினைந்து வயது. நடை நின்று சில வருடங்கள் ஆகின்றன.

எங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, மீசை அரும்புகிற வயதில் போய்விட்டார். "கால் விளங்காமப் போயிச் செத்தான்" என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். கால் விளங்காமல் போனதால் யாரும் சாவதில்லை. அந்தப் பையனின் இதயம் ஓய்ந்திருக்கும், இல்லை மூச்சு ஓய்ந்திருக்கும், இல்லை இரண்டும். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. அன்றைக்கு அளந்திருந்தாலும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை, தாய்மாமன். பரிசோதனைகளுக்கு அக்கா மகனோடு போகிறவன், ரிப்போர்ட்டுகளை ஃபைலில் அடுக்குகிறவன், புரியாததை மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. என்னென்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

ஓய்வில்லாத இரண்டு தசைகள்

டூஷேன் நோயில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோபின் என்ற ஒரு புரதம். தசையில் இருக்கும் மொத்தப் புரதத்தில் இதன் பங்கு 0.002 சதவீதம்தான். ஆனால் அதைச் செய்யச் சொல்லும் மரபணு மனிதனுக்கு இருக்கும் மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று: 79 எக்ஸான்கள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். 1980-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் லூயி கன்கெலின் குழு இந்த மரபணுவையும் புரதத்தையும் கண்டுபிடித்தது. தசை செல்லின் சவ்வுக்கு உட்புறமாக இருந்து, உள்ளே சுருங்கி விரியும் இழைகளைச் சவ்வோடு பிணைத்து வைப்பது டிஸ்ட்ரோபினின் வேலை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல் விழுகிறது. அதன் வழியே கால்சியம் உள்ளே புகுந்து செல்லைக் கெடுக்கிறது. செத்த செல்லின் இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

வேலை செய்யச் செய்யக் கிழிகிறது என்றால், உடம்பில் எந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது என்று யோசித்துப் பாருங்கள். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்குகிறது. மூச்சு இருபதாயிரம் தடவையை ஒட்டி வரும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசைத் தகடுதான் அதில் பெரும்பங்கைச் சுமக்கிறது. காலையாவது ஒரு மணி நேரம் நீட்டி வைக்கலாம். இந்த இரண்டையும் ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்க முடியாது.

ஓடாத பிள்ளைக்கு மூச்சு வாங்காது

மற்ற இதய நோயாளிகளை உடம்பே எச்சரித்துவிடும். மாடி ஏறினால் இளைக்கும், வேகமாக நடந்தால் நெஞ்சை அடைக்கும். "மூச்சு வாங்குதா?" என்று மருத்துவர் கேட்பதற்கு அர்த்தம் இருக்கிறது. வீல்சேரில் இருக்கும் பையனிடம் அதே கேள்வியைக் கேட்டால் "இல்லையே" என்பான். அவன் சொல்வது உண்மைதான். அவன் மாடி ஏறுவதில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்லை. இதயத்தின் திறன் பாதியாகக் குறைந்தாலும், அந்தப் பாதிக்கு மேல் கேட்கும் வேலை எதையும் அவன் உடம்பு செய்வதில்லை. அதனால் அவன் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இதயம் தளரும்போது இந்தப் பிள்ளைகளிடம் தெரியும் அறிகுறிகள் வேறு. வயிறு வலிக்கிறது என்பான், வாந்தி வரும், பசி எடுக்காது, எடை குறையும், காரணம் இல்லாமல் சோர்ந்து கிடப்பான். வீட்டில் இதை அஜீரணம் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுப்போம். இதயம் என்ற நினைப்பே யாருக்கும் வராது.

ஆகவே இந்த நோயில் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேதி குறித்துக்கொண்டு போய் அளக்க வேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இது ஒன்றுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

ஊது, ஊது, விடாதே

மூச்சை அளக்கும் பரிசோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். ஐந்து ஆறு வயதில், சொன்னால் புரிந்து ஊதுகிற பக்குவம் வந்ததும் ஆரம்பித்துவிடலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும். நடை நின்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். மூக்கில் ஒரு கிளிப் போடுவார்கள். வாயில் அட்டைக் குழாய். "தம்பி, நல்லா இழு, இழு, இன்னும் இழு... இப்ப ஊது! ஊது, ஊது, ஊது, விடாதே, விடாதே, இன்னும் கொஞ்சம்..." டெக்னீஷியன் அந்தச் சின்ன அறையில் போடும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும். பையனுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், தோள் மேலே ஏறும், கண்ணில் தண்ணீர் கட்டும். திரையில் ஒரு கோடு சட்டென்று மேலே போய், சரிந்து, தரையோடு இழுத்துக்கொண்டே போகும். கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்று ஊதல் கிடைத்தால், அதில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள்.

அதில் வரும் முக்கியமான எண் எஃப்.வி.சி. முழுக்க இழுத்து முழுக்க ஊதினால் வெளியே வரும் மொத்தக் காற்று அது. இதே வயது, இதே உயரமுள்ள ஆரோக்கியமான பிள்ளைக்கு இருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிற்க முடியாத பிள்ளைக்கு உயரத்தை எப்படி அளப்பது? முதுகு வளைந்திருந்தால் உட்கார வைத்து எடுக்கும் அளவும் சரியாக வராது. உயரம் குறைவாகப் பதிவானால், இருக்க வேண்டிய அளவும் குறைவாகக் கணக்காகி, சதவீதம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். அதனால் விவரம் தெரிந்த இடங்களில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள எலும்பை டேப்பால் அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். "உயரம் எப்படிப் போட்டீங்க?" என்று நீங்களும் கேளுங்கள். போன தடவை எடுத்த முறையிலேயே இந்தத் தடவையும் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

ஒரு ரிப்போர்ட்டைத் தனியாக வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். வளர்கிற வயதில் லிட்டர் கணக்கு ஏறும், பிறகு ஒரு இடத்தில் நிற்கும், அதன் பிறகு இறங்கத் தொடங்கும். எங்கே நின்றது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை வரிசையாக அடுக்கி வைத்த ரிப்போர்ட்டுகள்தான் சொல்லும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்த இறக்கம் தள்ளிப்போகிறது. நடை நின்ற பிறகும் ஸ்டீராய்டைத் தொடரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுரையீரல் கெடவில்லை, துருத்திதான் ஓய்ந்தது

நிறையப் பேர், சில மருத்துவமனைகளில்கூட, குழம்பிக்கொள்ளும் இடம் இது. ஆஸ்துமாவிலும் நிமோனியாவிலும் நுரையீரலில் கோளாறு. தசைச்சிதைவில் நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கொல்லன் பட்டறையில் கரி நன்றாக இருந்தும் துருத்தி போடுகிற கை ஓய்ந்துபோன கதைதான் இது. காற்று போதிய அளவு உள்ளே போவதில்லை. அதைவிட முக்கியமாக, கார்பன் டை ஆக்சைடு போதிய அளவு வெளியே வருவதில்லை.

இது முதலில் தூக்கத்தில்தான் தொடங்கும். கனவு வரும் தூக்கத்தில் உடம்பின் மற்ற தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். மூச்சின் பாரம் முழுக்க உதரவிதானத்தின் மேல் விழும். அதுவும் பலவீனமாக இருந்தால் மூச்சு ஆழம் இல்லாமல் மேலோட்டமாகிவிடும். இரவெல்லாம் கார்பன் டை ஆக்சைடு சேரும். காலையில் எழுந்ததும் தலைவலி, கெட்ட கனவு, இரவில் "புரட்டிப் போடும்மா" என்று அடிக்கடி கூப்பிடுவது, வகுப்பில் தூங்கி வழிவது, காலைச் சாப்பாடு இறங்காமல் இருப்பது, மதிப்பெண் குறைவது எல்லாம் இதன் அடையாளமாக இருக்கலாம்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. 97 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறோம். அது காட்டுவது ஆக்சிஜனை மட்டும்தான். கார்பன் டை ஆக்சைடு அதில் தெரியாது. பகலில் நல்ல எண் காட்டுகிற பையனுக்கு இரவில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். அதை அறிய, தூங்கும்போது கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளக்கும் பரிசோதனை வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

மருத்துவ உலகமே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத்தசை செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் தெரிந்த மாற்றத்தை மருத்துவர்கள் வேறு ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், அது கார்பன் டை ஆக்சைடு தேங்கியதன் விளைவு, நோயாளிகளுக்கு மூச்சுதான் போதவில்லை என்று சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கையால் பை அமுக்கிக் காற்றைச் செலுத்தினார்கள். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் மாதக்கணக்கில் அமுக்கினார்கள். சாவு எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுதான் என்பார்கள். தசை ஓய்ந்தால் அதன் வேலையை வெளியிலிருந்து செய்து கொடுத்தால் போதும், உயிர் நிற்கும் என்று அங்கே நிரூபணமானது.

இன்றைக்கு அந்த வேலையைத் தலைமாட்டில் வைக்கும் ஒரு சின்ன மெஷின் செய்கிறது. பைபாப் என்பார்கள். தொண்டையில் துளை வேண்டாம். மூக்கில் ஒரு மாஸ்க், இரவு முழுக்க. எஃப்.வி.சி. 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலோ, இரவுத் தூக்கத்தில் கோளாறு தெரிந்தாலோ ஆரம்பிக்கச் சொல்லி 2018-ல் வெளியான டூஷேன் பராமரிப்பு வழிகாட்டி கூறுகிறது.

இங்கிலாந்தின் நியூகாசலில் மிஷெல் ஈகிள் குழு தங்களிடம் வந்த டூஷேன் நோயாளிகளின் பல வருடப் பதிவுகளை அலசி 2002-ல் வெளியிட்ட கணக்கு இது: 1960-களில் சராசரியாக 14.4 வயதில் இறந்தார்கள். 1990-க்குப் பிறகு இரவு வென்டிலேட்டர் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சராசரி 25.3. அறுபதுகளில் 25 வயதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. வென்டிலேட்டர் வந்த பிறகு பாதிப் பேருக்கு மேல் அந்த வயதைத் தொடும் வாய்ப்பு வந்தது. மரபணுவைச் சரிசெய்யும் எந்த மருந்தும் வருவதற்கு முன்பே, காற்றை ஒழுங்காக உள்ளே செலுத்தியதாலேயே இது நடந்தது.

எங்கள் பையனுக்கு மாஸ்க் போட்ட ஆரம்ப நாட்கள் சுலபமாக இல்லை. மூக்குத்தண்டில் சிவந்து புண்ணானது, கண்ணில் காற்று அடித்தது, "வேணாம் மாமா" என்று அழுதான். மாஸ்க்கின் அளவை மாற்றி, பகலில் டி.வி. பார்க்கும்போது போட்டுப் பழக்கி, பிறகு இரவுக்குக் கொண்டுபோனோம். பழகிய பிறகு ஒரு நாள் காலையில் அவனே கூட இரண்டு இட்லி கேட்டான். அக்கா அடுப்படியில் நின்று அழுதது எனக்குத் தெரியும்.

இருமலுக்கும் ஒரு அளவு

சளிக் காய்ச்சல் நமக்கு நாலு நாள் தொல்லை. இந்தப் பிள்ளைகளை அதுவே ஐ.சி.யூ. வரை கொண்டுபோகும். காரணம், இருமுவதற்குத் தேவையான மூன்றுமே தசை வேலை: ஆழமாக இழுக்க வேண்டும், தொண்டையை மூட வேண்டும், வயிற்றுத் தசையால் பலமாகத் தள்ள வேண்டும். இருமலின் வேகத்தை, ஆஸ்துமா நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் சின்ன பீக் ஃப்ளோ மீட்டரிலேயே அளக்கலாம். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், சளி பிடிக்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். 160-க்குக் கீழே போனால் சளியைத் தானாக வெளியே கொண்டுவர முடியாது.

இதற்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சி உண்டு. கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை மாஸ்க்கோடு முகத்தில் வைத்து ஒரு அமுக்கு. அந்தக் காற்றை வெளியே விடாமல் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் இன்னொரு அமுக்கு, அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு நிறைந்ததும் கண்ணால் ஜாடை காட்டுவான். அந்த நொடியில் அக்கா இரண்டு கையாலும் மேல்வயிற்றை உள்ளே, மேல்நோக்கித் தள்ளுவாள், அவன் இருமுவான். பிசியோதெரபிஸ்ட் நேரில் கற்றுக்கொடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தினமும் செய்தால் சளி இல்லாத நாளிலும் விலா எலும்புகளும் நுரையீரலும் இறுகாமல் இருக்கும். எஃப்.வி.சி. 60 சதவீதத்தை ஒட்டி வரும்போதே தொடங்கச் சொல்கிறார்கள். இதே வேலையைச் செய்ய காஃப் அசிஸ்ட் மெஷினும் இருக்கிறது. விலை அதிகம், ஆனால் பலவீனம் கூடிய பிறகு அதற்கு ஈடில்லை. வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

எக்கோ நார்மல் என்ற பிறகும்

இதயத்துக்கு வருவோம். நோய் தெரிந்த உடனே ஒரு இ.சி.ஜி., ஒரு எக்கோ; பிறகு வருடா வருடம். இதுதான் விதி. பல வீடுகளில் "எக்கோ நார்மல்" என்று வந்ததும் அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடுகிறது.

டூஷேனில் இதயச் செல்கள் செத்த இடத்தில் விழும் தழும்பு பொதுவாக இடது கீழறையின் பின்பக்கச் சுவரில், வெளிப்புற அடுக்கில் தொடங்குகிறது. எக்கோ முக்கியமாகச் சொல்வது இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை. சுவரில் கொஞ்சம் தழும்பு விழுந்திருந்தாலும் மற்ற பகுதிகள் ஈடுகட்டிவிடுவதால், அந்த எண் வருடக்கணக்கில் நார்மலாகவே நிற்கும். சாயம் செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ.தான் அந்தத் தழும்பை நேரடியாகக் காட்டும். மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுக்கிற வயது வந்ததும், வசதி இருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து நான் சொல்வதை மருத்துவரிடம் கேட்காமல் விடாதீர்கள். பிரான்சில் டெனி டுபோக் குழு ஒரு ஆய்வு செய்தது. ஒன்பதரை முதல் பதின்மூன்று வயதுள்ள 57 டூஷேன் பையன்கள், எல்லாருக்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு நார்மல். ஒரு பாதிக்குப் பெரிண்டோப்ரில் மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை, மூன்று வருடம். அதன் பிறகு எல்லாருக்கும் பெரிண்டோப்ரில். பத்தாம் வருட முடிவில், முதலிலேயே மருந்து எடுத்த 28 பேரில் 26 பேர் உயிரோடு இருந்தார்கள். மூன்று வருடம் தாமதமாகத் தொடங்கிய 29 பேரில் 19 பேர். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ரத்தக்கொதிப்புக்கு ஊரெங்கும் கொடுக்கிற சாதாரண மாத்திரை வகை அது என்பதை நினைத்துப் பாருங்கள். எக்கோ நார்மலாக இருந்தாலும் பத்து வயதுக்குள் இந்த வகை மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்று இன்றைய வழிகாட்டி சொல்கிறது. தேவைப்படும்போது, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், எப்ளெரனோன், ஸ்பைரனோலாக்டோன் போன்றவையும் சேரும்.

"ஒண்ணும் இல்லாத பிள்ளைக்கு எதுக்கு ஹார்ட் மாத்திரை?" என்று பாட்டி கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். தழும்பு விழுந்த பிறகு அதை அழிக்க மருந்து கிடையாது. விழுவதைத் தள்ளிப்போட மட்டும்தான் மருந்து இருக்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கால் கணக்கு வேறு, இதயக் கணக்கு வேறு

தசைச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. எந்த மரபணு என்று தெரிந்தால்தான் எந்த உறுப்பைக் காவல் காக்க வேண்டும் என்று தெரியும்.

பெக்கர் வகையில் அதே டிஸ்ட்ரோபின்தான், ஆனால் அரைகுறையாக இருக்கும். நாற்பது வயதிலும் நடப்பார்கள். நடப்பதாலேயே அலட்சியமாக இருந்துவிடுவார்கள். இதயமோ கால்களை முந்திக்கொண்டு தளர்ந்துவிடலாம். மயோடோனிக் வகையில் இதயத்தின் மின்னோட்டப் பாதை கெடும். வெளியே ஒன்றும் தெரியாமல் திடீர் மரணம் வரக்கூடும். அவர்களுக்கு எக்கோவைப்போலவே வருடாந்திர இ.சி.ஜி.யும் முக்கியம், சிலருக்குப் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும். எமரி டிரைஃபஸ் வகையில் முழங்கையும் குதிகாலும் இறுகியிருக்கும், நடை ஓரளவு நன்றாக இருக்கும், ஆனால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். தசைச்சிதைவு வகையில் சேராத வேறொரு தசை நோயான பாம்ப்பே (Pompe) நோய் பெரியவர்களுக்கு வந்தால், இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவருக்கே உதரவிதானம் ஓய்ந்துவிடும். உட்கார்ந்து ஊதும்போது நல்ல எண் வரும், மல்லாந்து படுத்து ஊதினால் சட்டென்று இறங்கும்.

இடுப்பும் தோளும் பலவீனமாகும் லிம்ப் கர்டில் குடும்பத்திலேயே இவ்வளவு வேறுபாடு உண்டு: எஃப்.கே.ஆர்.பி., சார்கோகிளைகன் மரபணுக்களில் கோளாறு என்றால் இதயத்தையும் மூச்சையும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கால்பெயின் வகையில் இதயம் பெரும்பாலும் தப்பிக்கிறது. "ஏதோ ஒரு மஸ்குலர் டிஸ்ட்ரோபி" என்ற அளவில் நின்றுவிடாமல் மரபணுப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

பர்ஸில் ஒரு அட்டை

அவசரத்துக்கு ஓடும்போது, பெரும்பாலும் இந்த நோயை அதிகம் பார்த்திராத இளம் மருத்துவர்தான் பணியில் இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்.

ஒன்று, ஆக்சிஜன் குறைந்தால் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஆக்சிஜன் எண் ஏறும், உள்ளே கார்பன் டை ஆக்சைடும் ஏறிக்கொண்டே போய் நினைவு தப்பலாம். மூச்சுக்குத் துணையாக பைபாப் வேண்டும், சளியை வெளியே எடுக்க வேண்டும். வீட்டு மெஷினைக் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டு, மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் சக்சினைல்கோலின் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். முகர வைக்கும் மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். பல் பிடுங்குவது முதல் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை வரை, மயக்கம் தேவைப்படும் எதற்கும் முன்பு இதயத்தையும் மூச்சையும் பார்த்தாக வேண்டும்.

மூன்று, தினமும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. பெரிய காய்ச்சல், அறுவைச் சிகிச்சை நேரங்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இந்த மூன்றோடு கடைசி எஃப்.வி.சி., கடைசி எக்கோ எண்கள், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகள். உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்கிக் கையெழுத்தும் சீலும் போட்டு வைத்துக்கொண்டால், நடு ராத்திரியில் யாரோடும் வாதாட வேண்டியிருக்காது.

அம்மாக்களே, உங்களுக்கும்தான்

எக்கோ அறை வாசலில் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிள்ளையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவது, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்குத் தூக்குவது, இரவில் எழுந்து புரட்டிப் போடுவது எல்லாம் அவர்கள்தான். களைப்பாக இருக்கிறது, படபடப்பாக இருக்கிறது என்றால் "இவ்வளவு வேலைக்கு வராதா" என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு அதிலுள்ள கோளாறு அம்மா வழியாக வருகிறது; மீதிப் பேருக்குப் புதிதாக ஏற்பட்ட மாற்றம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அது உண்டு என்று பரிசோதனையில் தெரிந்தது. அம்மாவிடம் இருந்த இரண்டு எக்ஸில் எனக்கு வந்தது மற்றொன்று. அவ்வளவுதான் வித்தியாசம். என் மாமாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு சீட்டு மட்டும்தான். இதில் யார் மீதும் குற்றம் இல்லை, எந்தப் பெண்ணும் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. பிள்ளைக்கு இப்படி ஆனதற்கு மருமகளைப் பேசுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பேச்சு என் காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பதில்லை, நீங்களும் இருக்காதீர்கள்.

இந்த மரபணுக் கோளாறைச் சுமக்கும் பெண்களில் பெரும்பாலானோருக்குக் கை கால் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகிறது. அதனால் கேரியர் என்று தெரிந்த பெண்கள், வயது வந்ததிலிருந்தே மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏதாவது தெரிந்தால் இன்னும் அடிக்கடி. பையனின் அக்கா தங்கைகளுக்கும் சித்திகளுக்கும் இது பொருந்தும். எங்கள் அம்மாவும் அறுபதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக எக்கோ எடுத்துக்கொண்டாள். அக்கா ரொம்ப நாள் தட்டிக்கழித்தாள். "எனக்கென்னடா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். பையனும் ஒவ்வொரு தடவையும் மருத்துவரிடம் இதைத்தான் சொல்கிறான், அவனுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் அளக்கிறோம் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே கிளம்பி வந்தாள்.

பிள்ளையின் அடுத்த எக்கோவுக்குத் தேதி வாங்கும்போது, கவுன்டரில் உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.